கூலிங் கிளாஸை ஒளித்து வைத்த நாள்

நாளமில்லாச் சுரப்பிகளை மைக்ராஸ்கோப்பில் எப்படி அடையாளம் காண்பது என்று, என் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். பேத்தாலஜி துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடையாளம் காண்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. அட்ரீனலை வெட்டினால் வெளியே மூன்று அடுக்கு, உள்ளே ஒரு மையம். கணையத்தில் அடர்த்தியான நிறத்துக்கு நடுவே வெளிறிய திட்டுகள். பிட்யூட்டரியில் சிவப்பு ஏறியது, நீலம் ஏறியது, எதுவுமே ஏறாதது என்று மூன்று வகைச் செல்கள் கலந்து கிடக்கும். தைராய்டு இருப்பதிலேயே சுலபம். வட்ட வட்டமாகப் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இளஞ்சிவப்பாகக் கூழ். இதெல்லாம் படத்தோடு புத்தகத்தில் இருக்கிறது. இதற்கு நான் எதற்கு?

நான் எழுதப் போவது, அடையாளம் தெரிந்தும் தப்பாகச் சொன்ன கதை. ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, "மேடம் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று மைக்கில் பேசினார்களே, அப்போது நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கமாவது ஒன்றாவது! அது வெட்கம். அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கேக் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் துவரம் பருப்பு அளவு. அதுதான் பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. நான்கும் போய்விட்டால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போய் ஊசி குத்தும், கை தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும், மிஞ்சினால் தொண்டை இறுகி உயிருக்கே ஆபத்து. அதனால் தைராய்டை எடுக்கும் சர்ஜனுக்கு இவற்றைக் காப்பாற்றுவது பாதி வேலை. தவறி ஒன்று வெளியே வந்துவிட்டாலும் குடி முழுகிவிடாது. பாராதைராய்டுதான் என்று தெரிந்தால் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதித்துவிடுவார்கள், அங்கே அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதுதான் இது என்று யாராவது அந்த நிமிடமே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற ஆள் நாம்தான்.

ஆபரேஷன் நடக்கும்போதே துண்டை அனுப்புவார்கள். நாம் அதை உறைய வைத்துச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஃப்ரோசன் என்று நாம் சொல்வது அதைத்தான். உறைந்த துண்டில் எல்லாமே கொஞ்சம் கலங்கித் தெரியும். பாராதைராய்டும் சில சமயம் வட்டமாகப் பை கட்டி, உள்ளே இளஞ்சிவப்பாக எதையோ வைத்துக்கொண்டு, அசல் தைராய்டு போலவே தெரியும். எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்த மேடம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஊட்டியில் டூரிஸ்டுகளுக்கு விற்கும் கூலிங் கிளாஸ்களில் கண் கூச்சத்தை அடக்குகிற உயர்ரகம் ஒன்று உண்டு. அதில் ஒன்றை வாங்கி, இரண்டு கண்ணாடிச் சில்லையும் பிடுங்கி எடுத்தார். ஒன்றை மைக்ராஸ்கோப்பின் விளக்கு மேல் வைப்பார், இன்னொன்றை ஸ்லைடுக்கு மேலே பிடித்து மெல்லத் திருப்புவார். சட்டென்று எல்லாம் இருண்டுவிடும். தைராய்டாக இருந்தால் பல சமயம் அந்த இருட்டில், கூழுக்குள் இருக்கும் துளித்துளிப் படிகங்கள் மட்டும் மின்னும். பாராதைராய்டில் மின்னாது.

"மின்னிச்சுன்னா தைராய்டுன்னு சொல்லு. மின்னலைன்னா வாயை மூடிட்டு இன்னொரு துண்டு சீவு" என்பார். எல்லாத் தைராய்டும் மின்னாது என்பதால்தான் அந்த இரண்டாவது வாக்கியம். மொத்தமே ஒரு நிமிட வேலை. மேடம் ஓய்வு பெற்றபோது அந்தச் சில்லுகளை ஒரு ஃபிளானல் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இருபது வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

இனி அந்த நாள். குன்னூரில் நம் ஆஸ்பத்திரியின் பழைய லேப். தரச்சான்று கொடுப்பதற்காக மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்திருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் நம்பர் ஒட்டியிருக்க வேண்டும், ரெஜிஸ்டரில் பெயர் இருக்க வேண்டும், எப்போது சோதித்தோம் என்று தேதி இருக்க வேண்டும். முந்தின நாள் முழுக்க மேஜையைத் துடைத்து, பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டினோம். கடைசியில் என் கண் அந்த ஃபிளானல் துணியில் விழுந்தது. உடைந்த கூலிங் கிளாஸ்! ரெஜிஸ்டரில் இதற்கு என்ன பெயர் எழுதுவது? வெளியூரிலிருந்து வரும் பெரிய டாக்டர்கள் பார்த்தால் சிரிக்க மாட்டார்களா? எடுத்து என் மேஜையின் கீழ் டிராயரில், கம்பளிக் கையுறைக்கும் மஃப்ளருக்கும் அடியில் செருகி வைத்தேன்.

எங்கள் டெக்னீஷியன் ஷைனி கூடலூர்க்காரி, பேச்சில் மலையாளம் கலந்து வரும். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். "டாக்டரே, நம்ம கண்ணாடி எவிடெ போச்சு? நாளைக்கு ஆபரேஷன் லிஸ்ட்ல ஒரு தைராய்டு உண்டல்லோ" என்றாள்.

"தேவைப்பட்டா எடுத்துக்கலாம். நாளைக்கு அவங்க முன்னாடி அதைப் பத்திப் பேசினே, தெரியும்" என்று அதட்டினேன்.

மறுநாள் பதினொரு மணிக்குத் துண்டு வந்தது. பின்னாலேயே தியேட்டரிலிருந்து சர்ஜன் போன் செய்தார். "மேடம், பெரிய கழலை, ரெண்டு பக்கமும் எடுத்தாச்சு. பாராவுல ரெண்டு ரத்தம் போகாம கறுத்துப்போச்சு, ஒண்ணு கண்ணுலயே படலை. இது ஒண்ணுதான் மிச்சம்னு நினைக்கிறேன். பாராவா, தைராய்டுலயே ஒரு முடிச்சான்னு சொல்லுங்க. பாரான்னா பதிச்சுடறேன். கழுத்தைத் திறந்து வெச்சுட்டு நிக்கிறேன்."

ஷைனி சீவினாள், நான் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஆய்வுக் குழுவின் தலைவர் கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். துண்டு வந்ததிலிருந்து பதில் போகும் வரை எவ்வளவு நேரம் என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டது வட்டப் பைகள், உள்ளே இளஞ்சிவப்பு. தைராய்டு என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் செல்கள் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் கொழுப்புச் செல்லின் வெள்ளை ஓட்டை ஒன்று தெரிந்தது. பாராதைராய்டுக்குள்தான் அப்படிக் கொழுப்பு கலந்திருக்கும். அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன்.

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஷைனி என் முகத்தைப் பார்த்தாள், டிராயரைப் பார்த்தாள். குனிந்து எடுத்திருந்தால் மஃப்ளர், கையுறை எல்லாம் வெளியே வந்திருக்கும். அந்தப் பெரிய மனிதர் முன்னால் உடைந்த கூலிங் கிளாஸைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நின்றிருப்பேன். கேவலம், அதற்காகத்தான் நான் குனியவில்லை. போனை எடுத்து, "தைராய்டு" என்றேன்.

"பத்தே நிமிஷம். பிரமாதம்" என்றார் தலைவர். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அதே நேரம் மாடியில் சர்ஜன் அந்தச் சுரப்பியின் மீதியை, இனிப் பதிக்கவே முடியாதபடி ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டுக் கழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மெழுகில் பதித்த நல்ல ஸ்லைடு வந்தது. வைத்துப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பாராதைராய்டு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு சில்லுகளை எடுத்துத் திருப்பியும் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட மின்னவில்லை.

பிள்ளைகளே, தப்பு எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வரும். உறைந்த துண்டில் பாராவைத் தைராய்டு என்று சொன்ன முதல் ஆள் நான் இல்லை. அந்த நிமிடம் சர்ஜனைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு, அந்த அம்மாவுக்குக் கால்சியம் பாருங்க" என்று சொல்லியிருந்தால் இது ஒரு சாதாரணத் தப்பாக முடிந்திருக்கும். ரிசீவரை எடுத்தேன். சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் முரண்பட்டால் அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர் இருந்தது, ஆய்வுக் குழுவிடம் நான் பெருமையாகக் காட்டிய காலி ரெஜிஸ்டர். ரிசீவரை வைத்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் பொய் எழுதவில்லை. இரண்டு பக்க ரிப்போர்ட். கழலையைப் பற்றி விலாவாரியாக எழுதி, கடைசிப் பத்தியில் மூன்றாவது வரியில், ஒரு பாராதைராய்டும் காணப்படுகிறது என்று நுழைத்தேன். எந்தத் துண்டில், யார் என்ன சொன்ன துண்டில் என்று எழுதவில்லை. யாரும் கவனிக்கக் கூடாது என்றே எழுதினேன், யாரும் கவனிக்கவில்லை. சர்ஜனும் அடுத்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டார். சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு மாட்டினோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து ஷைனி கூப்பிட்டாள். "டாக்டரே, ஒண்ணு வேகம் வாங்க. இந்தச் சேச்சியோட கை எந்தோ மாதிரி ஆகுது."

போனேன். நாற்பது வயதுக்குள் இருக்கும், மெலிந்த பெண். சர்க்கரை பார்க்க எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குளிரில் நரம்பு கிடைக்காமல் ஷைனி ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியபடியே வெகுநேரம் தேடியிருக்கிறாள். அதற்குள் கை இழுத்துக்கொண்டுவிட்டது. கட்டை விரல் உள்ளங்கைக்குள் படுத்து, மற்ற நான்கும் ஒட்டிச் சேர்ந்து, வளையல் போட்டுக்கொள்ளக் கையைக் குவிப்போமே அப்படி. இந்தக் கையைப் பாடப் புத்தகத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்தைப் பார்த்தேன். குறுக்கே ஒரு தழும்பு.

"பேர் என்னம்மா?" என்றேன்.

"சரோஜாங்க."

பெயர் எனக்குத் தெரியும். மூன்று மாதமாக மனதில் இருந்த பெயர்தான்.

"பயப்படாதீங்க டாக்டரம்மா, இது அடிக்கடி வருதுங்க" என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். "இதுக்கு முன்னாடி நாலு தடவை வந்துட்டேனுங்க. ஆபரேசன் சீட்டைப் பாத்துப்போட்டு, அந்தச் சுரப்பிக்கு ஒண்ணும் ஆகலை, எடுத்தது தைராய்டுதான்னு எழுதியிருக்குது, மனசுலதான் கோளாறுன்னு தூக்க மாத்திரை குடுத்தாங்க. பிக்கட்டிக்கு மேல எஸ்டேட்டுங்க எங்களுக்கு. கொழுந்து வெட்டற கத்தரியைப் பிடிச்சா விரல் பூட்டிக்குது. வேலைக்குப் பயந்துட்டு நடிக்கறான்னு ஆபீசுல சொல்லிப்போட்டாங்க."

ரத்தம் எடுத்துக் கால்சியம் பார்த்தோம். தரையில் கிடந்தது. அவசரப் பிரிவில் ஊசி வழியாகக் கால்சியம் ஏற்ற ஏற்ற, அவள் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அதைப் பார்த்து அவள் அழுதாள். அங்கிருந்த இளம் டாக்டர், "எப்படி மேடம் பார்த்தவுடனே புடிச்சீங்க!" என்று வியந்தான். சரோஜா நிமிர்ந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தருதானுங்க என்னை நம்புனீங்க" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு பை நிறையக் கேரட்டோடு வந்தாள், மண் கழுவிச் சுத்தமாக. வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். வாங்கிக்கொண்டு, "எதுக்கும்மா இதெல்லாம்" என்றும் சொன்னேன்.

அவளுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. வேலைக்குச் சரியாக வருவதில்லை, நடிக்கிறாள் என்று எஸ்டேட் பதிவிலிருந்து பெயரை எடுக்கப் போகிறார்கள். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். உடனே லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கால்சியம் குறைவு, சிகிச்சை தரப்படுகிறது, வேலை செய்யலாம். அவ்வளவுதான். நான்கு நாளில் அதே கடிதத்தோடு திரும்பி வந்தாள்.

"இது இப்ப வந்த நோவு, மூணு மாசமா நடிச்சதுக்கு இது ஆகாதுங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டாங்க." கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். "எங்க ஊட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. ராத்திரி கை இழுத்தா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. பேய் புடிச்சிருக்குதுன்னு கோயில் கோயிலாக் கூட்டிப் போய்ச் சாட்டையில அடிக்க வெச்சாங்க, அதையும் வாங்கிக்கிட்டேன். ஏனுங்க டாக்டரம்மா, வேற ஒண்ணும் எழுத முடியாதுங்களா?"

வேறு ஒன்று எழுத முடியும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் முதுகில் சாட்டை விழுந்ததைக் கேட்ட பிறகும் நான் உடனே வாய் திறக்கவில்லை. ஷைனி வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை துளியும் இல்லை. ஒருவேளை அந்தப் பார்வை இல்லாவிட்டால் நான் அன்றும் சமாளித்திருப்பேனோ என்னவோ. என்னைப் பற்றி இவ்வளவு மோசமாக நினைப்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

"உட்காரு சரோஜா" என்றேன். சொன்னேன். சுரப்பி வந்தது, நான் பார்த்தது, சந்தேகம் வந்தும் தைராய்டு என்றது. மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

"அப்ப நான் நாலு தடவை வந்து வந்து போனப்ப, நீங்க இங்கயேதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"நான் பொய்யி சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"நீ வந்து போனது எனக்குத் தெரியாது. ஆனா உனக்கு இப்படி ஆகும்னு தெரியும்."

தன் கைகளைப் பார்த்தாள். "எனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நானே நம்பிட்டேனுங்க" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அழுகாதீங்க. எழுதுங்க" என்றாள்.

மூன்று மாதமும் நோய்தான் என்று அன்று எழுதிக் கொடுத்த கடிதத்தை எஸ்டேட்டில் ஏற்றுக்கொண்டார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னதையும் நிறுத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடமும் அன்றே போய்ச் சொன்னேன். விசாரணை நடந்தது, எழுத்தில் கண்டித்தார்கள். காலி ரெஜிஸ்டரில் முதல் பதிவு என்னுடையதுதான், போய்ப் பாருங்கள். அவளுக்குக் கால்சியம் மாத்திரை ஆயுள் முழுக்க. நம் ஆஸ்பத்திரிக்கு அவள் அப்புறம் வரவில்லை. ஊட்டிக்குப் போகிறாளாம். பஸ்ஸில் இன்னும் தூரம்.

ஆனால் அன்று நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆபீசுக்கான கடிதத்தை எழுதி முடித்ததும், "இன்னொண்ணு வேணுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு. அவருக்கு இங்கிலீசு தெரியாது, தமிழ்ல எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். முப்பது வருடத்தில் நான் தமிழில் எழுதிய முதல் ரிப்போர்ட். ஆபரேஷனில் வந்த சுரப்பியை நான் தவறாகப் பார்த்துச் சொன்னேன், அதனால் சரோஜாவுக்கு இந்த நோய் வந்தது, அவர் கை இழுத்தது உண்மையான நோய், நடிப்பு இல்லை, பேயும் இல்லை, இதற்கு நானே பொறுப்பு. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மனதின் ஓரத்தில் ஒரு நிம்மதி வந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"மூணாம் நாளே தெரிஞ்சும் சொல்லலைன்னு இதுல இல்லீங்களே?" என்றாள்.

பேனா என் கையில்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, என் கையெழுத்துக்குக் கீழே அதை எழுதி, மறுபடியும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.